விளம்பரத்துக்கு மேலே இருப்பதைப் படி

மேற்குத் தாம்பரம்
ஆடி வெள்ளிக்கிழமை

சௌபாக்யவதி சுப்ரஜாவுக்கு அப்பா அநேக ஆசீர்வாதம். நானும் அம்மாவும் உடம்பளவில் க்ஷேமம், மனசளவில் எப்படி என்பதைப் படிக்கப் படிக்கத் தெரிந்துகொள்வாய். மாப்பிள்ளை கிரீஷுக்கு இருமல் விட்டதா? டப்ளினில் ஆடி மாதத்திலும் ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கிறது என்றாய், அதைப் போட்டுக்கொண்டு போகச் சொல், கையில் மாட்டிக்கொண்டு போவதற்கு அது குடை இல்லை. அம்மா அனுப்பும் பார்சலில் பருப்புப் பொடிக்கு மேலே இந்தக் கடிதத்தை வைத்திருக்கிறேன், பொடியைப் பிரிக்கும் முன் இதைப் பிரி. முதல் விஷயம், சம்பத் மாமா வாங்கப்போகும் மனைக்குப் பக்கத்து மனையை உனக்கு என்று சொல்லி வைத்திருக்கிறாயாமே, அதற்கு ஒரு பைசா அனுப்பாதே. போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் என்ன சொன்னாலும் "சரிப்பா, சரிப்பா" என்கிறாய், பின்னால் நீ கம்ப்யூட்டர் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது.

மின்வாரியத்தில் இருந்த காலமெல்லாம் மழை பிடித்தால் எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும், எந்த டிரான்ஸ்ஃபார்மரை முதலில் நிறுத்த வேண்டும் என்பதுதான் என் பிழைப்பு. அதையெல்லாம் எழுதுங்கப்பா, மனை வாங்குகிறவர்களுக்கு உதவும் என்று போன தடவை வந்தபோது வலைப்பூ ஆரம்பித்துக் கொடுத்தவள் நீதான். சும்மா எழுதுவானேன், கைச்செலவுக்கு ஆகட்டும் என்று விளம்பரத்துக்கும் பதிவு செய்துவிட்டு விமானம் ஏறிவிட்டாய். எந்த விளம்பரம் வரும் என்பது நம் கையில் இல்லை, அந்தக் கம்பெனியே பார்த்துப் போடும் என்று நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, மற்ற யாருக்கும் இல்லை. நான் எழுதுவது மனையைப் பற்றி, அதனால் என் கட்டுரை ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு மனை விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டது. மேலே நான் இங்கே வாங்காதே என்று எழுதுவேன், கீழே அவன் இங்கே வாங்கு என்று பூப்போட்டுக் கூப்பிடுவான்.

போதாக்குறைக்கு விளம்பரத்தை யாராவது தொட்டால்தான் காசு என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாயே, அதற்கு மேல் என்ன வேண்டும். நடைப்பயிற்சிக்கு வரும் மாமிகள், காலனி வாட்ஸப் குழு, உறவுக்காரர்கள் என்று ஒருவர் விடாமல் சொல்லி வைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு வந்துவிட்டு மொய் எழுதாமல் போனால் மரியாதை இல்லை பார், அந்த மாதிரி ஆகிவிட்டது. எதிர்வீட்டுக் கேசவன் சார் காலையில் பல் தேய்த்ததும் முதல் வேலையாகத் தொட்டுவிடுவாராம், என்னிடமே பெருமையாகச் சொன்னார். கடைசியில் தெரிந்தவர்களை வைத்துத் தொட வைப்பது விதிமீறல் என்று கம்பெனிக்காரன் கடிதம் அனுப்பிக் கணக்கை மூடிவிட்டான். வேலையில் இருந்தவரை எந்தக் கான்ட்ராக்டரிடமும் ஒரு டீ வாங்கிக் குடிக்காத என்னை இந்த வயசில் பித்தலாட்டக்காரன் ஆக்கிவிட்டீர்கள். பணம் போனால் போகட்டும். இத்தனை பேர் தினமும் வருகிறார்களே, எழுதியதைப் பற்றி ஏதாவது பேசலாம் என்று கேசவன் சாரிடம் கேட்டேன். அவர் என்னவோ நான் பரீட்சை வைத்த மாதிரி விழிக்கிறார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பது நிஜம்.

இதுவாவது போகட்டும் என்று இருந்தேன். போன வாரம் சம்பத் இனிப்புப் பெட்டியும் கையுமாக வந்து நின்றான். கூடுவாஞ்சேரிக்கு உள்ளே தள்ளி ஏரிக்காற்று வீசுகிற இடத்தில் மனைக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டானாம், மனைப்படத்தைப் பெருமாள் முன்னால் வைத்து மஞ்சள் தடவிக் கொண்டுவந்திருக்கிறான். வாங்கிப் பார்த்தேன். நான் கட்டுரையில் பெயர் சொல்லி எழுதிய அதே இடம். அது ஏரியின் உபரித் தண்ணீர் போகிற வழி, கார்த்திகை மழையில் டிரான்ஸ்ஃபார்மரை நிறுத்த இடுப்பளவுத் தண்ணீரில் நான் நடந்த இடம், இப்போது செம்மண் கொட்டிக் கொடி நட்டிருக்கிறார்கள். இதை எங்கேடா பிடித்தாய் என்று கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, "உங்க சைட்லதான் அத்திம்பேர். நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னு கண்ணை மூடிண்டு கொடுத்துட்டேன்" என்றான். மொய்க்காகத் தொட்டவன் அப்படியே உள்ளே போய்ப் பெயரும் நம்பரும் கொடுத்திருக்கிறான், அவர்கள் கார் அனுப்பி அழைத்துப்போய் இளநீர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த விளம்பரம் எதற்குக் கீழே இருந்தது தெரியுமா? அங்கே வாங்கவே வாங்காதீர்கள் என்று நான் எழுதிய கட்டுரைக்குக் கீழே.

கட்டுரையைத் திறந்து காட்டினேன். மேலே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது, படம் போட்டது கீழேதானே இருந்தது என்கிறான். இப்போது போய்ப் பார்த்தால் கிரிக்கெட் மைதானம் மாதிரி இருக்கிறதாம், தண்ணீர் எங்கே வரும் என்று என்னையே கேட்கிறான். உன் அம்மா தம்பி பக்கம். நீங்களே போட்டுவிட்டு இப்போது வேண்டாம் என்றால் என்ன அர்த்தம் என்று என்னைக் கேட்கிறாள். அது நான் போட்டது இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. இத்தனைக்கும் அது அவன் ரிட்டயர்மென்ட் பணம் முழுக்க, அவனுக்கு வேறு கையிருப்பு கிடையாது. ஆடியில் பத்திரம் பதியமாட்டேன் என்று அவன் பிடிவாதமாக இருப்பதால் ஆவணி பிறக்கும் வரை மூச்சு விட நேரம் இருக்கிறது. என் ஆயுசில் ஆடி மாதத்துக்கு நான் நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை.

நான் விடாமல் சொன்னதற்குத்தான் சம்பத் அந்தக் கடைசி ஆயுதத்தை எடுத்தான். "சுப்ரஜாவே பக்கத்து மனையைக் கேட்டிருக்கா. அவ உங்க பொண்ணு, உங்களைக் கேக்காமயா வாங்குவா?" நீ மாமா வாங்குகிறார் என்று கேட்டிருக்கிறாய், மாமா நீ வாங்குகிறாய் என்று தைரியமாக இருக்கிறான், இரண்டு பேரும் சேர்ந்து என் தலையில் கை வைத்திருக்கிறீர்கள். அந்தக் கட்டுரையைப் போட்ட அன்று உனக்கும் அனுப்பினேன். நிதானமாகப் படித்தால் பத்து நிமிஷம் ஆகும். அனுப்பி நான் கண்ணாடியைக் கழற்றுவதற்குள் கட்டைவிரல் படம் வந்துவிட்டது, கூடவே "சூப்பர்ப்பா". அந்தக் கட்டைவிரலைப் பார்த்து அம்மாவிடம் என்ன சந்தோஷமாகச் சொன்னேன் தெரியுமா, சுப்ரஜா படித்துவிட்டாள் என்று. கேசவன் சார் படிக்காதது பெரிசில்லை. நீ படிக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, கோபம் எழுதித் தீர்ந்தது. இனி காரியம். கட்டுரையைக் கையால் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். உட்கார்ந்து படி, சந்தேகம் இருந்தால் என்னோடு சண்டை போடு, சந்தோஷமாகப் போடுவேன். பிறகு நீயே சம்பத் மாமாவுக்கு போன் செய்து எனக்கு வேண்டாம், உங்களுக்கும் வேண்டாம் என்று சொல். நான் சொன்னால் கேட்கமாட்டான், நீ சொன்னால் கேட்பான். கொடுத்த அட்வான்ஸ் வருமோ வராதோ, மீதிப் பணமாவது அவன் கையில் நிற்கும். நீயும் கிரீஷும் தீர்க்காயுசாக, நல்ல மேட்டு நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு சுகமாக இருக்கப் பெருமாள் அனுக்கிரகம் செய்யட்டும். எண்ணெய் தேய்த்துக் குளி. கட்டைவிரல் அனுப்பாதே. இந்தக் காகிதத்தில் எனக்குக் கீழே யாரும் எதுவும் விற்கவில்லை, என் கையெழுத்து மட்டும்தான் இருக்கிறது. அதனால் இதையாவது முழுக்கப் படித்திருப்பாய் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா
ஸ்ரீநிவாசராகவன்