இடது பக்கம் சாய்ந்த கோடு

உடப்பு,
14.07.2024

நண்பர் பஸ்தியான் அவர்களுக்கு,

கதிரவேலு எழுதுவது. இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. ஒன்பது வருஷமாக நாம் பேசிக்கொள்ளாததால் நீர் எழுதாமல் இருந்தால் அது உமது வீம்பு. எனக்கும் அது உண்டு, ஆகையால் குறை சொல்ல மாட்டேன். காரணம் வேறாக இருக்குமோ என்றுதான் மறுபடியும் பேனையை எடுத்தேன்.

விஷயம் இதுதான். உமது இசைத்தட்டுகள் சிலாபத்தில் அஸ்மினின் பழைய சாமான் கடைக்கு வந்துகொண்டிருக்கின்றன.

மே மாதம் நாதஸ்வரத் தட்டு ஒன்று வந்தது. வெயிலுக்குச் சரித்துப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. கண்ணாடி மேல் வைத்தேன், விளிம்பு எங்கும் எழும்பவில்லை. நாலாயிரத்து ஐநூறு சொன்னார், கொடுத்தேன். கற்பிட்டி ஹோட்டல்காரர்கள் சுவரில் மாட்டவே தட்டு வாங்குகிற இந்தக் காலத்தில் அது நியாயமான விலை. உள் உறையில் உமது பென்சில் கோடுகளைக் கண்டதும் ஆள் தெரிந்துவிட்டது. ஒருமுறை போட்டால் ஒரு கோடு, கணக்கு வைத்து ஊசி மாற்றுகிற கிறுக்கன் இந்தக் கரையில் நீர் ஒருவர்தானே. எல்லாக் கோடும் இடது பக்கம் சாய்ந்திருந்தன. கடைசியில் இவருக்கும் விற்கத் தெரிந்துவிட்டது என்று அஸ்மினிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஜூனில் இரண்டு வந்தன. வெளி மட்டையே இல்லை. தட்டின் நடுவில் பெருவிரல் அடையாளம், மீன் எண்ணெய் நாற்றம். சேர்ச் பெருநாளுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டப் போகும் அவசரத்திலும் விளிம்பை மட்டுமே பிடிக்கிற மனுஷன் நீர். அந்த விரல் உம்முடையது இல்லை. இரண்டும் ஆயிரத்து ஐநூறு. உறையில் இருந்த கடைசிக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

போன கிழமை பதினொரு தட்டு, மாச் சாக்கில், நைலோன் கயிற்றால் கட்டி. வெயிலில் கிடந்து கிண்ணம் மாதிரி வளைந்துவிட்டன. அத்தனைக்கும் ஆயிரம் ரூபாய் கேட்டார். நான் விலை பேசவில்லை. அஸ்மின் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஐயா, கொண்டு வந்த ஆள் மீன் லொறிக்காரன். நல்லா இருக்கா, உடைஞ்சிருக்கா எண்டு ஒண்டும் பாக்கல்ல. குடுத்தத எடுத்திட்டுப் போறான். வீட்டுல இன்னும் கிடக்காம், கிழவனுக்கு இனித் தேவைப்படாதாம்" என்றார்.

மீன் லொறி உமது மருமகனுடையது என்று எனக்குத் தெரியும். மகள் இத்தாலிக்குப் போனபின் நீர்கொழும்பில் நீரும் அவரும் மட்டும்தான் என்றும் தெரியும். மூன்று தரம் போன் எடுத்தேன். காலை பத்து மணிக்கு, "மாமா நித்திரை" என்றார். மறுநாள் பின்னேரம் நாலு மணிக்கும் நித்திரை. நேற்று மாலை ஆறரைக்கும் நித்திரை. பின்னால் லொறி இரைந்தது. வேறு சத்தம் எதுவும் இல்லை.

அந்தச் சாக்குக்குள் நாம் சண்டை பிடித்த தட்டும் இருந்தது. விளிம்பிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு வெடிப்பு. அன்றைக்கும் அந்த வெடிப்போடுதான் அதை மூவாயிரத்துக்கு, ஒரு சொல் பேரம் பேசாமல் வாங்கினீர். கடை நிறைய ஆட்கள் நிற்க, "இந்தாளுக்குக் கண்ணும் இல்ல, காதும் இல்ல" என்று நான் சொன்னேன். நீர் தட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனீர். ஏன் வாங்கினீர் என்று நான் கேட்கவில்லை. நேற்று அதன் உறையைப் பிரித்தேன். இரண்டு பக்கமும் கோடு, இடமே இல்லை. கடைசிக் கோடு மட்டும் தொடங்கி, நிற்காமல், தாளின் அடிவரை இழுபட்டுப் போயிருக்கிறது.

அந்தத் தட்டை நீர் விற்க மாட்டீர், பஸ்தியான்.

இந்தக் கடிதத்தை வேறு கை பிரித்திருந்தால் அவருக்கும் ஒரு சொல். தம்பி, பதினாலு தட்டும் என்னிடம் இருக்கின்றன. எந்தத் திகதியில், என்ன நிலையில் வந்தன என்று எழுதி வைத்திருக்கிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் ஒரு சாமானைப் பார்த்து அது எந்த வீட்டில் எப்படிக் கிடந்தது என்று சொல்ல எனக்குத் தெரியும். அதன் சொந்தக்காரர் எப்படிக் கிடக்கிறார் என்றும் யோசிக்கத் தெரியும். உமது மனைவிக்கும் எழுதப்போகிறேன். இத்தாலி விலாசத்தைச் சேர்ச்சில் எடுத்துவிட்டேன்.

பஸ்தியான், முத்திரை ஒட்டிய உறையும் வெறுந்தாளும் ஒரு பென்சில் துண்டும் இதற்குள் வைத்திருக்கிறேன். எழுத முடியாவிட்டால் எழுத வேண்டாம். ஒரு கோடு போட்டு அனுப்பும். உமது கோடு மாதிரி வேறு யாராலும் போட்டு என்னை ஏமாற்ற முடியாது. அடுத்த மாதம் தலவில அன்னம்மாள் கோயில் பெருநாளுக்கு முதல் அது வராவிட்டால், அஸ்மினின் வான் வண்டியில் நான் வருவேன். உமது வாசலில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னது நான்தான். வைப்பேன்.

அந்தத் தட்டுக்கு மூவாயிரம் அதிகம். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். எழும்பி உட்கார்ந்து, இல்லை என்று எனக்குச் சொல்லும்.

அம்மனும் உமது அன்னம்மாளும் உம்மைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
வே. கதிரவேலு