கழுத்தளவு தண்ணீர்

ஞாயிறு, இரவு

இன்று மாலை மலேசியாவிலிருந்து கீழக்கரைக்கு வந்து சேர்ந்தோம். லங்காவியில் கடல், கோலாலம்பூரில் கடைகள் என்று தேனிலவு முடிந்துவிட்டது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை இத்தனை நாளும் தனியாளாகப் பார்த்துக்கொண்டவர் ஃபரீதா ராத்தா, என் கணவரின் அண்ணன் மனைவி. "நான் இருக்கேன்ல, போயிட்டு வாங்க" என்று எங்களை அனுப்பியதும் அவர்தான். அவருக்குக் கல்யாணமான மறுவாரமே அவர் கணவர் சவூதிக்குப் போய்விட்டாராம்.

அவருக்கென்று வாங்கிய கைப்பையைக் கொடுத்தேன்.

"அழகா இருக்கு. இதை மாட்டிக்கிட்டு நான் எங்கன போகப்போறேன்?" என்று சிரித்தார். பிறகு, "கடல்ல எறங்குனியா?" என்றார்.

"காலை மட்டும் நனைச்சேன், ராத்தா."

ஏன் பொய் சொன்னேன்? தினமும் கழுத்தளவு தண்ணீரில்தான் கிடந்தேன். இங்கே தெருக்கோடியில் கடல் இருக்கிறது. ராத்தா ஒருநாளும் அதில் இறங்கியதில்லை.

மனசு கேட்காமல் அடுப்படிக்குப் போய் உண்மையைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கழுத்து வரைக்குமா? தண்ணி ஆளையே தூக்குமாமே, நெசமா?"

நான் வாய் திறப்பதற்குள் மாமியார் கூப்பிட்டார். ராத்தா ஓடினார். இன்னும் நான் பதில் சொல்லவில்லை.