நீ எனக்கு டீ தர மறுத்த நாள்

இன்று காலை பக்கத்துக் கடையிலிருந்து இஞ்சி தட்டுகிற வாசனை வந்தது. அந்தக் கடையை இப்போது எடுத்திருக்கும் பெண் நன்றாகத்தான் டீ போடுகிறாள். ஆனாலும் வாசனை மூக்கில் ஏறியதும் உன்னைப் பார்க்கத் தலை தானாகத் திரும்பியது. நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. என் கழுத்துக்கு அது இன்னும் உறைக்கவில்லை.

ஏரிக்குப் போகிற சாலையில் உன் டீக்கடையும் என் ஸ்வெட்டர் கடையும் பன்னிரண்டு வருடம் ஒரே தகரக் கூரைக்குக் கீழே இருந்தன. நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். ஒரு நாளைக்கு ஏழு டீ குடிப்பேன், எல்லாம் உன் கையால், இஞ்சி தூக்கலாக, கொதிக்கக் கொதிக்க. உன் அம்மா சிலோன் எஸ்டேட்டிலிருந்து கொண்டுவந்த பேச்சு உன்னிடம் கொஞ்சம் ஒட்டியிருந்தது. "அக்காவுக்குத் தேத்தண்ணி" என்று நீ குரல் கொடுத்தால் அடுத்த ஒரு மணி நேரம் எனக்குத் தெம்பாக ஓடும்.

நாற்பத்தொன்பது வயதில் எனக்கு அந்தச் சூடு ஆரம்பித்தது. நெஞ்சுக்குள்ளிருந்து கிளம்பிக் கழுத்து, முகம், காது மடல் வரை ஏறும். இரண்டு நிமிடத்தில் ரவிக்கை நனைந்துவிடும். அப்புறம் ஏரிக்காற்று பட்டதும் நனைந்த உடம்பு வெடவெடவென்று நடுங்கும். கொடைக்கானலில் உடம்பு சுட்டு நடுக்கமும் வந்தால் அதற்குப் பெயர் ஒன்றுதான், குளிர்காய்ச்சல். வைத்தியமும் ஒன்றுதான். நானும் அதையே செய்தேன். இரட்டை ஸ்வெட்டர், மப்ளர், குல்லா, காரசாரமாக மிளகு ரசம், உன் டீயில் இரண்டு கூடுதல். போர்த்தப் போர்த்த வேர்த்தது, வேர்த்ததால் நடுங்கியது, நடுங்கியதால் மறுபடியும் போர்த்தினேன். காய்ச்சல் மாத்திரை வாங்கி முழுங்கியதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அப்போது வரவில்லை. சீசனில் ஒரு நாள் கடைக்குள் ஒரு குடும்பமே நின்றிருந்தது. ஒரு பெரியவருக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்த நான், சூடு தாங்காமல் என் ஸ்வெட்டரைத் தலைவழியே உருவி எறிந்தேன். முந்தானையும் கூடவே வந்துவிட்டது. பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் மருமகள், "கடைக்காரம்மாவுக்கே குளிரல, நமக்கு எதுக்கு மாமா ஸ்வெட்டரு" என்று சிரித்துக்கொண்டே எல்லோரையும் கிளப்பிக் கூட்டிப்போனாள். எனக்கு உயிரே போய்விட்டது. கடையைக் கைமாற்றிவிட்டு ஒட்டன்சத்திரத்தில் மகள் வீட்டோடு போய்விடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கணவர் இறந்தபிறகு நானாக நிமிர்த்திய கடை அது. விட மனசில்லை. ஆனால் மறுபடி நாலு பேர் முன்னால் அப்படி நிற்க முடியாது என்று தோன்றியது.

உன்னிடம் மட்டும் சொன்னேன். கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்டாய்.

"காய்ச்சல்னா நாள் பூராக் கெடக்கும்க்கா. ரெண்டு நிமிசம் வந்துட்டுப் போற காய்ச்சல் எந்த ஊர்ல இருக்கு? எனக்கு வந்ததுதான் ஒங்களுக்கும் வந்திருக்கு."

என்னைவிட ஆறு வயது சின்னவள் நீ. கட்டி என்று கர்ப்பப்பையையும் சினைப்பையையும் முப்பத்தெட்டு வயதிலேயே எடுத்துவிட்டதால், எனக்கு முன்பே அந்தப் பாட்டைப் பட்டு முடித்திருந்தாய். பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியவே தெரியாது. அடுப்புச் சூட்டில் வேர்க்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

மறுநாள் வெள்ளனே என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாய். டாக்டரம்மா பிரஷர், சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்துவிட்டு, மாதவிடாய் நிற்கிற சமயத்தில் வருவதுதான் என்றார். பொறுக்க முடியாவிட்டால் மருந்து உண்டு, முதலில் சில பழக்கங்களை மாற்றிப் பாருங்கள் என்று அனுப்பினார். மனசு லேசாகிக் கடைக்குத் திரும்பினேன். பெஞ்சில் உட்கார்ந்து டீ கேட்டேன்.

"ஒங்களுக்குக் கெடையாதுக்கா."

"என்னடி சொல்ற?"

"ஒரு வாரமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கிளாஸக் கீழ வச்ச கையோட மூஞ்சி செவக்குது. கொதிக்கிற தேத்தண்ணிதான் ஒங்களக் கெளப்பி விடுது. இனி எங்கிட்டக் கேக்காதீங்க."

ஊருக்கெல்லாம் டீ, எனக்கு மட்டும் இல்லையா? பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. எழுந்து நேரே எதிர்வரிசைக் கடைக்குப் போய், உன் கண்ணில் படும்படி நின்று குடித்தேன். அந்த டீ வாயில் வைக்க விளங்கவில்லை. வீம்புக்கு முழுதும் குடித்தேன். பத்து நாள் அப்படித்தான் போனது. உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நீயும் என்னோடு பேசவில்லை, உன் பாய்லரோடு பேசினாய். "சில பேரு தலைவழியா மாட்டுற ஸ்வெட்டரையே போடுறாங்க. பொத்தான் வச்சது அவங்க கடையிலயே அடுக்கிக் கெடக்கு." இன்னொரு நாள், "சில பேரு கம்பளிக்குள்ள வெந்துட்டு, தூக்கமில்லன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறாங்க. ரெண்டு பருத்திப் போர்வை இல்லாமலா போச்சு?" கேட்காத மாதிரி இருந்துவிட்டு ஒவ்வொன்றாகச் செய்தேன். பருத்தி ரவிக்கைக்கு மேல் பொத்தான் வைத்த மெல்லிய ஸ்வெட்டர். கைக்கெட்டும் இடத்தில் ஒரு பாட்டில் பச்சைத் தண்ணீர். ஷேர் ஜீப்பை விட்டுவிட்டு வீடு வரை ஏற்றத்தில் நடை. மிளகு ரசத்துக்கு விடுமுறை. சூடு கிளம்பினால் கையிலிருப்பதை வைத்துவிட்டு, மூச்சை நிதானமாக இழுத்து அதைவிட நிதானமாக விட்டேன்.

பதினோராம் நாள் பலகைக்கு மேலாக ஒரு கிளாஸ் நீண்டது. ஆறவைத்த சீரகத் தண்ணீர். "கோவம் ஆறிருச்சுன்னா குடிங்க" என்றாய். குடித்தேன். ஒரு மாதத்துக்குள் நாளைக்குப் பத்து முறை வந்தது மூன்று நான்காகக் குறைந்தது. முழுதாக விட்டுப் போகவில்லை. வந்தால் பொத்தானைக் கழற்றிக்கொள்வேன், அவ்வளவுதான். கடையைக் கைமாற்றும் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே உன் நெஞ்சு நின்றுவிட்டது. உன்னை எடுத்த அன்று அந்த எதிர்வரிசைக் கடைக்காரர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அப்ப என் கடைக்கு வந்தீங்களே, அந்தப் பத்து நாளும் ஒங்களுக்கு அவங்க சொன்ன டீயத்தாங்க குடுத்தேன். தூளக் கம்மியாப் போடுங்க, இஞ்சி வேணாம், நல்லா ஆத்திக் குடுங்கன்னு, ஆஸ்பத்திரியிலருந்து திரும்பின கையோட, நீங்க கோவிச்சுக்கிட்டு இங்கதான் வருவீங்கன்னு முந்தியே வெரசா வந்து சொல்லிட்டுப் போனாங்க. அக்காட்டச் சொல்லிராதீங்கன்னும் சொன்னாங்க."

அவ்வளவு பேருக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

கடை என்னிடம்தான் இருக்கிறது. வியாபாரத்துக்கு நடுவில் சூடு வந்தால், "ஒரு நிமிசம்ங்க, எனக்கு வயசுச் சூடு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பொத்தானைக் கழற்றுகிறேன். யாரும் எழுந்து போவதில்லை. சில பெண்கள் கிட்ட வந்து, தங்களுக்கும் இருக்கிறது என்று சொல்கிறார்கள். நன்றாக இருக்கிறேன். அந்தப் பத்து நாள் மட்டும் உறுத்துகிறது. அத்தனை நாளும் நீ என்னோடுதான் இருந்திருக்கிறாய். நான்தான் உன்னோடு இல்லை.

இப்போதெல்லாம் யாரோடு சண்டை போட்டாலும் மறுநாள் காலையில் நான்தான் முதலில் பேசுகிறேன். அம்மா ரொம்ப மாறிட்டாங்க என்று மகள் சொல்கிறாள். பத்து நாள் என்பது எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது.