ஓடாத ரயிலுக்கு சீசன் டிக்கெட்

மேல் ஸ்டேஷன்
மார்ச் 3

அன்புள்ள சின்னவளுக்கு,

நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. பேப்பரில் பார்த்தேன், பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாய். வெள்ளம் வந்து எட்டு மாதம் கழித்து உன் ஸ்டேஷன் வரை ரயில் வந்துவிட்டது. பெயின்ட் அடிக்க ஊரே திரண்டதாம். பிளாட்பாரத்தில் ஞாயிறு சந்தையாம். ரயில் கம்பெனி டைரக்டர் உன் கையைக் குலுக்கினாராம். எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைத்துக்கொண்டு எழுத எனக்குத் தெரியாது.

நமக்கு நடுவே இருந்த பாலத்தைத்தான் ஆறு கொண்டுபோயிற்று. அதனால் நீ ஸ்டேஷன் மாஸ்டர், நான் வாட்ச்மேன். வண்டியே வராத தண்டவாளத்துக்கு தினமும் சிக்னல் விளக்கைத் துடைக்கிறேன். நேற்று டிக்கெட் ஜன்னலைத் திறந்தேன். ஒருவர் வந்து, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன் அக்கா

கீழ் ஸ்டேஷன்
மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வயிற்றெரிச்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனி கையில் காசு இல்லை. பாலம் கட்ட பேங்கில் கடன் கேட்டிருக்கிறார்கள். உன் ஸ்டேஷன் வரைக்குமான ஆறு மாத சீசன் டிக்கெட்டை அறுநூறு பேர் இப்போதே வாங்கினால்தான் பேங்க் நம்பிக் கொடுக்குமாம். இல்லையென்றால் நிரந்தரமாக பஸ்தான், உன் ஸ்டேஷனுக்குப் பூட்டு. முப்பதாம் தேதி கடைசி நாள்.

என் பக்கத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வாங்கியாயிற்று. உன் ஊருக்கு இருநூறு ஃபாரம் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஓடாத ரயிலுக்கு டிக்கெட்டா என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வாங்குவார்கள், நீ கேட்டால்.

உன் சின்னவள்

மேல் ஸ்டேஷன்
மார்ச் 15

சின்னவளுக்கு,

ஃபாரம் வந்தது. 'பூர்த்தி செய்து கீழ் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஒப்படைக்கவும்' என்று மேலேயே அச்சடித்திருக்கிறது. என் ஊர், என் ஸ்டேஷன், ஒப்படைப்பது மட்டும் உன்னிடம். சர்வீஸில் நான் உனக்கு ஆறு வருஷம் சீனியர் என்பதாவது அந்த டைரக்டருக்குத் தெரியுமா? பள்ளிக்கூட நாளிலிருந்தே இதே கதைதான். கண் விழித்துப் படிப்பது நான், மார்க் வாங்குவது நீ.

இங்கே யாருக்கும் அக்கறை இல்லை. எல்லோருக்கும் பஸ் பழகிவிட்டது.

அக்கா

கீழ் ஸ்டேஷன்
மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

ஒருவருக்குக்கூடவா அக்கறை இல்லை? ஆனால் நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஸ்டேஷனைப் பூட்டிவிட்டு உன்னைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றுவதாக இப்போதே பேச்சு அடிபடுகிறது. இரண்டு நாளாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் என் முகத்துக்காக வாங்கினார்கள் என்றா நினைக்கிறாய்? வெள்ளத்தன்று உன் ஸ்டேஷனில் நின்றுபோன வண்டியில் இருந்ததெல்லாம் என் ஊர் ஜனம். மூன்று நாள் வெயிட்டிங் ரூமில் படுக்க வைத்துச் சோறு போட்டாயே, மறந்துவிட்டாயா? ஃபாரத்தை நீட்டினால், "அந்தக்கா ஸ்டேஷனுக்கா? ரெண்டா குடு" என்கிறார்கள். தினமும் ஜன்னலில், "அக்கா எப்படி இருக்காங்க?" என்னை ஒரு நாய்கூட எப்படி இருக்கிறாய் என்று கேட்டதில்லை. பொறாமை உனக்கு மட்டும்தான் வருமா?

சின்னவள்

மேல் ஸ்டேஷன்
மார்ச் 29

சின்னவளே,

நான் பொய் சொன்னேன். யாரையும் கேட்கவே இல்லை. ஃபாரம் கட்டைப் பிரிக்காமல் கொடிப் பெட்டிக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன். நர்ஸம்மா தானாக வந்து கேட்டபோதுகூட, "இன்னும் வரலம்மா" என்றேன். என் ஸ்டேஷனே போனாலும் போகட்டும், உன் கையால் பிழைக்க வேண்டாம் என்று இருந்தது. எனக்கு இப்படியும் ஒரு புத்தி.

உன் கடிதம் வந்த அன்றே கிளம்பினேன். ஐந்து நாளாக வீடு வீடாக ஏறி இறங்கினேன். பள்ளிக்கூடம், மரக்கடை, சலூன் ஒன்றையும் விடவில்லை. நர்ஸம்மா, "வரலைன்னீங்களே" என்றாள். "வந்துச்சு. நான்தான் குடுக்கல" என்றேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இந்தக் கட்டில் நூற்று எண்பத்தேழு ஃபாரம் இருக்கிறது. ஒன்று என்னுடையது. ஸ்டாஃப் பாஸ் இருக்கிறவள், வாழ்க்கையில் முதல் தடவையாகக் காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறேன். கூட்டிப் பார், ஒன்று குறைகிறது. பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். உன் ஊரில் யாரையாவது பிடி. உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை.

அக்கா

கீழ் ஸ்டேஷன்
மார்ச் 30

அக்கா,

கட்டு மதியம் வந்தது. நாலு மணிக்கு டைரக்டர் மேசையில் அறுநூறு ஃபாரம் வைத்துவிட்டு வந்தேன்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. இதற்குக் கடிதம் போதாது. நேரில் வந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். பஸ்ஸில் வர மாட்டேன். பாலம் கட்டி முடிக்கிற வரை எனக்குக் கடிதம் போடாதே.

அறுநூறாவது டிக்கெட் என்னுடையது.

சின்னவள்