வாலாட்டிக் காட்டிக்கொடுத்தவள்

அன்பு மகளுக்கு,

சலூனில் இருந்தவர்கள்: கடைக்காரர், முகமெல்லாம் நுரையோடு ஒருவர், உன் அப்பா, நீ ஏற்பாடு செய்த வழிகாட்டி நாய். வெளியே, கதவோரம் ஒளிந்தபடி நான்.

கண் போன இந்த மூன்று வருடத்தில் அப்பா நான் இல்லாமல் வெளியே கிளம்பியது இதுதான் முதல் தடவை. பின்னால் போகவே கூடாது என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சரியாக முப்பது அடி தள்ளிப் போனேன்.

"நாயெல்லாம் உள்ள விடமாட்டேன் சார்" என்றார் கடைக்காரர். நான் முந்தானையை இழுத்துச் செருகினேன்.

அப்பா அசரவில்லை. "அவ முடி வெட்டிக்க வரலப்பா, என்னைக் கூட்டிட்டு வந்திருக்கா."

நுரைக்காரர் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சிரித்துவிட்டார். நாய் நாற்காலியடியில் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

வெளியே வந்ததும் என்னைப் பார்த்து வாலாட்டிவிட்டது.

"வால் என் கால்ல இந்த அடி அடிக்குது. வந்துட்டியா?" என்றார் அப்பா. "சரி, கிராப்பு எப்படி இருக்கு?"

"மாப்பிள்ளை மாதிரி" என்றேன்.

திங்கட்கிழமையிலிருந்து தினமும் காலையில் அவர்கள் இருவரும் நடக்கப் போகிறார்களாம். நான் வரக் கூடாதாம். அந்த ஒரு மணி நேரம் முழுக்க எனக்கே எனக்காம். அதை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? சீக்கிரம் பதில் எழுது.

அம்மா