அசா பிகட்டின் தகடு

மாரியெட்டா, ஓஹையோ
1865 மார்ச் 9

அன்பு மகள் லவினாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அவளுக்கு இருமல்தான் விடவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் குறைவில்லாமல் இருக்கக் கர்த்தர் காக்கட்டும்.

எனக்கு மனசு சரியில்லை மகளே. போன வசந்தத்தில் பட்டாளம் படகேறும் முன் என்னிடம் படம் எடுத்துக்கொண்டவர்களில் சிலர் படம் பதிந்த தகட்டை வாங்காமலே போய்விட்டார்கள். அக்டோபரில் மலைப்பக்கத்துப் பண்ணையிலிருந்து திருமதி தார்ப் வந்தார். ஒரே மகன் லெவியைப் போரில் பறிகொடுத்தவர், அவன் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. அந்தத் தகடுகளைப் புரட்டி ஒன்றை எடுத்து, "இதோ என் பிள்ளை" என்றார். அது லெவி இல்லை, அசா பிகட் என்பவன். தெரிந்தும் வாய் திறக்க மனம் வரவில்லை, கொடுத்து அனுப்பினேன்.

ஜனவரியில் அந்த அசா கையில் காயத்தோடு வந்து, மனைவிக்குக் கொண்டுபோகப் படத்தைக் கேட்டான். நடந்ததைச் சொல்லி, வேறொன்று எடுத்துத் தருகிறேன் என்றேன். "சண்டைக்கு முந்தின மூஞ்சிதான் அவளுக்கு வேணும், நானே போய் வாங்கிக்கறேன்" என்று போனவன் திரும்பவில்லை. போன வாரம் அவன் மனைவி ரோடா இண்டியானாவிலிருந்து தேடி வந்துவிட்டாள். வண்டி கட்டி அவளைத் தார்ப் பண்ணைக்கு அழைத்துப் போனேன். அங்கே அசா, லெவியின் கோட்டைப் போட்டுக்கொண்டு விறகு பிளந்துகொண்டிருந்தான். இவள் "அசா" என்றாள், கோடாலி நிற்கவில்லை. உள்ளேயிருந்து திருமதி தார்ப் "லெவி" என்றதும் திரும்பினான். ரோடாவைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றி, "அசா வீட்டம்மாவா? அவன் பீட்டர்ஸ்பர்க் சண்டையில, வெடி வெச்ச பள்ளத்துல செத்துட்டாம்மா. பக்கத்துல நான்தான் இருந்தேன், உங்க பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருந்தான்" என்றான். அவன் முகத்தில் பொய் இல்லை, அதுதான் எனக்குப் பயம். அந்த அம்மா சோள ரொட்டி வைத்தார், ரோடா சாப்பிட்டாள், எப்படிச் செத்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், அவனும் சொன்னான். திரும்பும் வழியில், டாக்டரோடு மறுபடி வரலாம் என்றேன். "வேணாங்க. எனக்கு வேண்டியதைச் சொல்லிட்டாங்க" என்றாள். நேற்றுப் படகேறும்போது கறுப்பு உடுத்தியிருந்தாள்.

தகட்டைக் கொடுத்த அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இதை அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிடாதே. குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், காய்ச்சல் வந்தால் அசட்டையாக இருக்காதே. உங்கள் மூவருக்கும் தேவனுடைய கிருபை உண்டாகட்டும்.

உன் அப்பா
ஜோசையா வெப்