ராசி என்று நாங்கள் கும்பிட்ட நகங்கள்

என் அக்காவின் கைப்பிடித்த அன்பு மாமாவுக்கு,

என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மணவாள நகர் கிடங்கில் எனக்காகப் பதினொரு வருஷம் சாக்கு உதறினீர்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஆலையிலிருந்து வந்த, கல்நார்த் தூள் ஒட்டிய காலிச் சாக்குகள். உதறித் தைத்து வேர்க்கடலை வியாபாரிகளுக்கு விற்றேன். கெட்டிக்காரன் என்றார்கள்.

நாலைந்து வருஷத்தில் உங்கள் விரல் நுனிகள் பருத்தன. நகங்கள் உருண்டு, வளைந்து, பளபளத்தன. வலி இல்லை. நான் பார்க்காமலா இருந்தேன்?

"மாமா கையப் பாருங்கடா, புளியங்கொட்டை கணக்கா மின்னுது. லச்சுமி குந்திக்கினு கீறா" என்றேன். அன்றிலிருந்து போணி உங்கள் கையால்தான். முதல் சாக்கை நீங்கள் உதறாமல் வேலை தொடங்காது. ஆயுத பூஜையில் தராசுக்கு வைத்த குங்குமத்தை உங்கள் பத்து நகத்துக்கும் வைத்தேன்.

"எனக்கு இன்னாத்துக்குடா பொட்டு? நான் இன்னா கோயில் யானையா?" என்று இருமிக்கொண்டே சிரித்தீர்கள். நினைத்தால் வாய் கசக்கிறது.

சென்னை டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கும் முன்பே உங்கள் கையைத் தூக்கிப் பார்த்தார். "நுரையீரல் கெட்டா நகம் இப்படி உருளும். இத்தனை வருஷமா யார் கண்ணுலயும் படலையா?" என்றார். பட்டது, அதை வைத்துத்தான் போணி செய்தோம் என்று எப்படிச் சொல்வேன்?

நீங்கள் கண்ணை மூடிய பிறகும் அந்தச் சாக்கை நிறுத்தாத பயல் நான். போன வாரம், உங்கள் இடத்தில் உதறும் கன்னியம்மாவின் கையைத் தையல்காரர் பெருமாள் தூக்கிக் காட்டினார்.

"மொதலாளி, மாமா ராசி இந்தம்மாவுக்கு வந்துட்ச்சி. நாளையிலேந்து இவங்கதான் போணி."

அவள் வெட்கத்தோடு நீட்டினாள். அதே நகங்கள்.

மறுநாளே அதே டாக்டரிடம் கூட்டிப் போனேன். கெட்டது திரும்பாது, கல்நார்த் தூசியை விட்டால் மேலும் கெடாமல் காக்கப் பார்க்கலாம் என்றார். திரும்பும் ரயிலில் கன்னியம்மா கேட்டாள்: "அப்போ என் கைல ராசி இல்லியா, நைனா?"



அவளை எடை எழுத உட்கார வைத்துவிட்டேன். அந்தச் சாக்கையும் விட்டேன். நான் விட்டதை அள்ளிக்கொள்ளத் திருவள்ளூரில் நாலு பேர் காத்திருக்கிறார்கள். அவர்கள் கிடங்குகளுக்கும் போவேன். உதறுகிறவர்களின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். கழுத்தைப் பிடித்துத் தள்ளினாலும் மறுநாள் போவேன். இது சத்தியம்.

காலம் கடந்து உங்களை டாக்டரிடம் கூட்டிப்போன
உங்கள் மைத்துனன்